பாறை ஓணானுக்குச் சூடு வந்த கதை

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நல்லது, படிக்கிறவர்களுக்கும் நல்லது. மிக்ஸி சத்தம் கொஞ்சம் மாறினால்கூட எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள். சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில் இன்டர், அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பாம்பும் பல்லியும் போர்டில் இருக்கிறவரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகாது. குளியலறைக்குள் ஒரு பல்லி வந்துவிட்டால் மனைவியைத்தான் கூப்பிடுவேன். அவள் வார்டு சச்சிவாலயத்தில், அதாவது வார்டுக்கான அரசாங்க ஆபீசில், வேலை பார்க்கிறவள், ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்துவைத்துவிட்டு வருகிறவள். துடைப்பத்தோடு வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பல்லியைத் தள்ளிவிட்டுப் போவாள்.

பாடத்துக்காக நான் ஒரு பிராணியைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பாறை ஓணான் என்று பெயர். அப்படி ஒன்று உலகத்தில் எங்கும் கிடையாது. நாய் உயரம், உடம்பெல்லாம் செதில், தாடைக்குக் கீழே தொங்குகிற ஒரு பை. அது இருக்கிற மலையில் வெயில் குறைச்சல், குளிர் அதிகம். வெயில் வந்தால் பாறைமேல் படுத்துச் சூடேறும். வெயில் போனால் பொந்துக்குள் விறைத்துக் கிடக்கும். இந்தக் குளிர்ரத்தப் பிராணி தலைமுறை தலைமுறையாக மாறி எப்படி வெப்பரத்தப் பிராணி ஆயிற்று என்று சாக்பீஸால் வரைந்து வரைந்து கதையாகச் சொல்வேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பரீட்சையில் இதெல்லாம் வராது என்று பிரின்சிபால் தெலுங்கில் சொல்லிப் பார்த்தார், இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை.

ஆனால் அந்தக் கதையில் ஒரு ஓட்டை இருந்தது. முழுச் சூடு வந்துவிட்டால் லாபம்தான், குளிரிலும் ஓடலாம், இரை பிடிக்கலாம். முதன்முதலில் கொஞ்சூண்டு சூடு வந்த அந்த ஒரு ஓணானுக்கு என்ன லாபம்? அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வேகமாக ஓட முடியாது. சாப்பாடு மட்டும் மற்றதைவிட அதிகமாக வேண்டும். பஞ்சம் வந்தால் அதுதான் முதலில் சாகும். அப்படியென்றால் சூடு எப்படித் தலைமுறை தாண்டி வந்தது? யாராவது ஒரு பிள்ளை எழுந்து இதைக் கேட்டுவிடுமோ என்று ஒவ்வொரு வருஷமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. மணியடித்ததும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அந்த வருஷம் கோடையில் என் மனைவி கர்ப்பமாக இருந்தாள். எட்டாம் மாதம் பிறந்த கொஞ்ச நாளில் கால் இரண்டும் வீங்கிவிட்டன, தலைவலி விடவில்லை, கண்ணெதிரே பூச்சி பறக்கிறது என்றாள். பிரஷர் பார்த்த டாக்டரம்மா சீட்டை எழுதும்போதே ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்பினார். திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்த உடனேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. என் மனைவி ஒரு மாடியில் ஐ.சி.யூ.வில், குழந்தை இன்னொரு மாடியில் கண்ணாடிப் பெட்டியில், நடுவில் படிக்கட்டில் நான். மேலே போனால் கீழே என்ன ஆகிறதோ என்று பயம், கீழே வந்தால் மேலே என்ன ஆகிறதோ என்று பயம். கூட வந்த அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, படிக்கட்டு ஓரமாகவே உட்கார்ந்து பைபிள் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தை வார்டின் சிஸ்டர் தெலுங்குக்காரம்மா. வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். அவர்தான் எனக்குக் கையால் பார்க்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தார். புறங்கையால் முதலில் குழந்தையின் வயிற்றைத் தொட வேண்டும், பிறகு உள்ளங்காலை. இரண்டும் சூடாக இருந்தால் பயமில்லை. வயிறு சூடாக இருந்து பாதம் ஜில்லென்றிருந்தால் குழந்தை கஷ்டப்படுகிறது, உடனே கவனிக்க வேண்டும். இரண்டுமே ஜில்லென்றிருந்தால் ஓடிவர வேண்டும். இத்தனை சின்னக் குழந்தைக்கு நடுங்கக்கூடத் தெரியாது, குளிர்ந்தால் அழவும் செய்யாது, சும்மா தூங்குவதுபோலக் கிடக்கும் என்றார். எனக்கு இது தெரியும். முதுகில் இருக்கவேண்டிய பழுப்புக் கொழுப்பு சேர்வதற்குள் பிறந்த குழந்தை தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது என்று எத்தனையோ தடவை போர்டில் எழுதிப்போட்டிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னபோது முதல் தடவை கேட்கிறவன் மாதிரி, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.

குழந்தை கொஞ்சம் தேறியதும், சட்டையைக் கழற்றுங்கள் என்றார். அம்மா வர முடியாத நிலையில் இருப்பதால் அப்பாதான் குழந்தையை வெறும் மார்பில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். என் மார்புக்கு இதற்கு முன் எந்த உபயோகமும் இருந்ததில்லை. இரண்டு பக்கமும் சாய்மானம் வைத்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து, தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்ட குழந்தையைத் தவளை மாதிரிக் கைகால் மடக்கி என் நெஞ்சில் ஒட்டவைத்து, மேலே துணியால் சுற்றிக் கட்டினார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூச்சுவிட்டால் நசுங்கிவிடுவாளோ என்று நான் மூச்சை அடக்க, சிஸ்டர் தோளில் தட்டி, மூச்சு விடுங்கள் சார், அதைக் கேட்டுத்தான் அவளும் விடுவாள் என்றார்.

மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. பயத்தில் மனசு எங்கெங்கோ போகும். அதை நிறுத்துவதற்காகக் குழந்தையின் உச்சந்தலைக்குப் பாறை ஓணான் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு மதியமும் ஓணான் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். ஒரு மதியம் கதையின் ஓட்டை தானாக அடைபட்டது. முதன்முதலில் கொஞ்சம் சூடான ஓணான் ஓடுவதற்காகச் சூடாகவே இல்லை. மற்ற ஓணான்கள் முட்டையை மணலில் புதைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடும். வெயில் அடித்தால் பொரிக்கும், இல்லாவிட்டால் உள்ளேயே கூழாகிவிடும். இந்த ஒன்று போகவில்லை. முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசைகளை விடாமல் வெடவெடவென்று ஆட்டி, தின்றதையெல்லாம் சூடாக்கி முட்டைக்குக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. தான் இளைத்து எலும்பாகிப்போனது. ஆனால் மேகம் மூடிய வருஷத்திலும் அதன் முட்டை பொரித்தது, அந்தக் குஞ்சுகளுக்கும் அந்தப் புத்தி வந்தது. நம் ஊர் மலைப்பாம்புகூட இப்படித் தசையைத் துடிக்கவைத்து அடைகாக்கும். வருஷாவருஷம் அதையும் சொல்கிறேன், இதையும் சொல்கிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. குழந்தை மார்பில் கிடந்தபோதுதான் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. கதை அதன் பாட்டுக்கு மேலே போயிற்று. சூடு வந்த பிறகு ஓணானால் திரும்பிப் போக முடியாது. பழைய ஓணான் குளிர்ந்தால் என்ன, பொந்தில் கல்லாகக் கிடக்கும், வெயில் வந்ததும் கண்ணைத் திறந்து நடந்து போகும். சூடு பழகிய ஓணானின் இதயம், மூளை எல்லாம் அந்தச் சூட்டுக்கென்றே ஆகிவிட்டன. அது ஒரு தடவை குளிர்ந்துவிட்டால் வெயில் வந்தாலும் எழுந்திருக்காது. என் மகள் அப்படிப்பட்ட ஓணானின் வம்சம். கதையை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த நினைப்பு நிற்கவில்லை, அன்று முழுக்க நிமிஷத்துக்கு ஒரு தடவை துணிக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். சிஸ்டர் என் கையில் ஒரு அடி போட்டார்.

என் மனைவி ஐ.சி.யூ.விலிருந்து வந்த பிறகு அவளைத்தான் மார்பில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். தையல் வலிக்கிறது, தலை சுற்றுகிறது, நாளைக்குப் பார்க்கலாம். பால் பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பாள். தொப்பி மாட்டுவாள், நாப்கின் மாற்றுவாள். தோலோடு தோல் பட மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள். சச்சிவாலயத்தில் ஊரையே உருட்டுகிறவள் இதற்கு ஏன் இப்படி என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் ஒடம்புதாங்க அவள பாதியில வெளிய தள்ளிச்சி. என்னை நம்பி ஒருதபா உள்ள இருந்தது போதும். உங்ககிட்டயே இருக்கட்டும்."

அது தப்பு, பிரஷர் ஏறினதுக்கு நீ என்ன செய்வாய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மாறவில்லை.

கனம் கொஞ்சம் ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொப்பி, சாக்ஸ், போர்வை எப்போதும் இருக்க வேண்டும், குளிப்பாட்டக் கூடாது, கூட்டம் கூடாது, தினமும் மார்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்லி, போன் நம்பரையும் கொடுத்தார். எல்லாவற்றையும் அத்தையிடம் தமிழில் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டாள். ஆனால் வெளியே பார்த்தால் சித்தூர் வெயில். கத்திரி முடிந்தும் இறங்காத வெயில். தண்ணீர்த் தொட்டியில் கை வைத்தால் சுடுகிறது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும், இந்த மாதத்தில் ஒரு உயிர் குளிரால் போகும் என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். எங்கள் ஜனத்துக்கு வெயிலுக்குத்தான் பயப்படத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். கூட்டம் கூடாதே என்றேன். தேவன் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளைக்கு நன்றி சொல்லாமல் எப்படி என்றாள் அத்தை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்ன சங்கீதத்தையெல்லாம் நான் கேட்டவன், அதனால் வாயை மூடிக்கொண்டேன். பாஸ்டர் ஐயா, பெண்கள் ஐக்கியத்துக்காரர்கள், அக்கம்பக்கம் என்று ஹால் நிறைந்துவிட்டது. வாசலில் பிரியாணி தேக்சா வந்து இறங்கியது. வந்தவர்கள் வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து, கல்யாண மண்டபத்தில் வைக்கிற பெரிய ஏர் கூலர் ஒன்றை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். கதவு அகலம் இருக்கும். நனைந்த புல்லுக்குள்ளிருந்து காற்றோடு தண்ணீரும் சேர்ந்து பொடிப் பொடியாக வீசியது. ஆகா என்று எல்லோரும் அதன் எதிரே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குழந்தை வீட்டுக்கு வந்தால் ஜெபத்தில் அது ஒவ்வொரு பெரியம்மா மடிக்கும் போகும். ஒவ்வொருத்தரும் வெறும் தலையில் கையை வைத்து, ஒரு வசனம் சொல்லி, முத்தம் கொடுத்து, அடுத்த மடிக்குக் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உள்ளறையில் இருந்த குழந்தையை அத்தை தூக்கிக்கொண்டு வந்தாள். தலையில் கை வைக்க வேண்டுமே, தொப்பியைக் கழற்றினார்கள். காலைப் பார்க்க வேண்டுமே, சாக்ஸையும் கழற்றினார்கள். போர்வையாவது இருக்கட்டும் என்று ஆண்கள் பக்கத்திலிருந்து நான் கத்தினேன்.

"இந்த வெயில்ல போர்வையா? கொயந்த வெந்துடும் நைனா," என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் வீட்டில் எல்லாம் பாடம்தான் என்று யாரோ சொன்னதற்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு.

ஜெபம் தொடங்கியது. எங்கள் பாஸ்டர் ஐயா ஜெபம் சீக்கிரம் முடிகிற ஜெபம் இல்லை. ஆதாம் ஏவாளில் ஆரம்பித்து எங்கள் தெரு வரைக்கும் வருவார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை, பயந்தவனுக்கு ஜெபத்திலும் கண் திறந்துதான் இருக்கும். மூடின கண்களோடு அந்தப் பெண்கள் குழந்தையைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மடி, இன்னொரு மடி. கூலர் காற்றில் அவர்களுடைய முந்தானைகள் ஆடின. குழந்தை அழவே இல்லை. என்ன சமத்து பாரு என்று ஒரு அக்கா கிசுகிசுத்தாள். எந்தக் குழந்தை இத்தனை கை மாறியும் சிணுங்காமல் இருக்கும்?

நடு ஜெபத்தில் எழுந்திருப்பது எங்களிடையே நடக்காத காரியம். ஆமென் வரும்வரை தும்மலைக்கூட அடக்குவார்கள். நான் எழுந்தேன். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஒருத்தரின் கையை மிதித்து, குழந்தை இருந்த மடிக்குப் போய் உள்ளங்காலைத் தொட்டேன். கூலர் தண்ணீரைத் தொட்டது போல இருந்தது. நிறமும் சரியில்லை. சட்டையைத் தூக்கிப் புறங்கையை வயிற்றில் வைத்தேன். அதுவும் ஜில்லென்றிருந்தது.

என்ன செய்தேன் என்று அத்தைதான் பிறகு சொன்னாள். என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பித்தான்கள் தெறித்து ஓடினவாம். குழந்தையின் ஈரச் சட்டையைக் கழற்றி, என் மார்பில் ஒட்டவைத்து, கையில் கிடைத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு, கூலரை நிறுத்துங்க என்று கூவினேனாம். அரை உடம்போடு ஒரு ஆண்பிள்ளை பெண்கள் நடுவில் நின்று கூச்சல் போடுகிறான், பாஸ்டர் ஐயா கண்ணைத் திறக்காமல் குரலை இன்னும் உயர்த்தி ஜெபித்தார். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான், மார்பில் ஒரு குளிர்ந்த எடை. அது அசையவில்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு ரொம்ப மெதுவாக அவள் முதுகு ஒரு தடவை ஏறி இறங்கியது.

திருப்பதி சிஸ்டருக்குப் போன் போட்டேன். தெலுங்கும் தமிழும் கலந்து நான் உளறியதை அவர் புரிந்துகொண்டார். மார்பை விட்டு எடுக்கவே எடுக்காதீர்கள், அப்படியே புறப்பட்டு வாருங்கள், வழியில் போனைக் கட் பண்ணாதீர்கள் என்றார். சித்தூரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று இப்போது கேட்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்டுதான். பிரியாணி கொண்டுவந்தவரின் கார் வாசலில் நின்றது. அவரே ஓட்ட, முன்சீட்டில் அத்தை, பின்னால் நானும் என் மனைவியும். ஏசி போடக் கூடாது, கண்ணாடி இறக்கக் கூடாது என்றேன். மதிய வெயிலில் நின்ற கார் அது. அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார், கண்ணாடிகளை ஏற்றினார்.

ஊரைத் தாண்டுவதற்குள் மாங்காய்ச் சீசன் எங்களைப் பிடித்துக்கொண்டது. மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு கொண்டுவந்த டிராக்டர்கள் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்க, மிச்சமிருந்த இடத்தில் லாரியும் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நின்றன. கார் நகரவில்லை. மூடின கண்ணாடிக்குள்ளேயே பழ வாசனை வந்துவிட்டது. எங்களுக்கு மூச்சு முட்டியது. மார்பில் கிடந்தவளின் மூச்சை எண்ணப் பார்த்தேன், என் இதயம் அடிக்கிற அடியில் அவளுடையது கேட்கவே இல்லை.

அப்போதுதான் இன்னொரு ஆபத்தைக் கவனித்தேன். எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. சாதாரண வேர்வை இல்லை, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு ஓடியது. என் ஓணான்களுக்கு நான் சூட்டைக் கொடுத்தேன், அடைகாக்கிற புத்தியைக் கொடுத்தேன். சூடு மிஞ்சினால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தண்ணீர் விடும் என்பதை யோசிக்கவே இல்லை. குழந்தை என் மார்பில் வழுக்கினாள். அவள் கன்னம், வயிறு, எல்லாம் என் வேர்வையில் நனைந்திருந்தது. நனைந்த தோல் சூட்டை இழக்கும். என் உடம்பு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அவளை நனைத்துக்கொண்டிருந்தது. போனில் சிஸ்டர், மார்பு காய்ந்து இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஈரம் இருக்கவே கூடாது, அம்மா பக்கத்தில் இருக்கிறார்களா என்றார்.

ஸ்பீக்கரில் அது எல்லோருக்கும் கேட்டது. நான் என் மனைவியைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அந்த வெயிலிலும் ஒரு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டே இருந்தாள், ரத்தம் குறைந்த உடம்பு, வேர்ப்பதே இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்து என் மார்பைத் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடியும் முத்து முத்தாக வேர்த்தது. மறுபடியும் துடைத்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் துண்டை மடியில் போட்டுவிட்டுப் புடவைப் பின்னை எடுத்தாள்.

"குடுங்க," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையைத் துண்டால் ஒற்றித் தலையிலிருந்து கால்வரை துடைத்து, ரவிக்கையைத் தளர்த்தி, இரண்டு மார்புக்கும் நடுவில் வைத்து, துப்பட்டியைப் போர்த்திக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டாள். தையல் வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தாள். கார் ஓட்டியவர் பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடியை மேல்பக்கம் திருப்பிவிட்டார். அத்தை தன் முந்தானையை விரித்துக் கைகளை உயர்த்தி, முன்சீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் திரை பிடித்தாள். அந்த வயதில் எத்தனை நேரம் கையை அப்படிப் பிடித்தாளோ, நான் பார்க்கவில்லை.

டிராக்டர்கள் விலகி ரோடு கிடைத்தது. இனி யாராவது குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் கையை நீட்டினேன், பாதி வழியில் இழுத்துக்கொண்டேன். தொட்டு, இன்னும் ஜில்லென்றிருந்தால்? தொடாதவரைக்கும் எதுவும் முடிவாகவில்லையே. சிஸ்டர் போனில் இரண்டு தடவை கேட்டார். பார்க்கிறோம் என்று பொய் சொன்னேன். என் மனைவியின் ஒரு கை துப்பட்டிக்குள் இருந்தது. பாதத்தைத்தான் பிடித்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. திருப்பதிக்கு முன்னால் வருகிற சந்திரகிரி போயிற்று. அவள் கண்ணை மூடினாள், என் உயிர் போய்த் திரும்பி வந்தது. அவள் தலையைக் குனிந்து, துப்பட்டிக்குள் வாயை வைத்து, எனக்குக் கேட்காத எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சிஸ்டர் நின்றிருந்தார். வார்டுக்குள் நடந்துகொண்டே துப்பட்டிக்குள் கையை விட்டுக் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தார். குழந்தைக்குச் சூடு கொடுக்கிற வார்மரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் டாக்டர் தயாராக நின்றார். நான் வெறும் உடம்போடு அந்த ஏசியில் நின்றேன். வேர்வை அப்படியே குளிர்ந்து பல் கிட்டியது. சிஸ்டர் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தாறு டிகிரியைத் தொட்டுவிட்டது, ஏறுகிறது என்றார். பிறகு குழந்தையை வார்மரில் போட இரண்டு கைகளையும் நீட்டினார்.

என் மனைவி கொடுக்கவில்லை. ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். துப்பட்டிக்குள்ளிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. குழந்தை அழுகிறாள் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இது என் சூடு சிஸ்டர்," என்றாள் என் மனைவி. "என் ஒடம்புலேர்ந்து வந்தது."

சிஸ்டருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. என்ன சொல்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார். தெலுங்கில் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைகளுக்கு நாள் முழுக்கத் தெலுங்கிலும் பாடம் நடத்துகிறவன், எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. சிஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு, போய் வார்மரை அணைத்தார்.